மருந்துச் சீட்டை வாசிப்பது எப்படி: கவுன்டரை விட்டு நகரும் முன் பார்க்க வேண்டியவை

மருந்துக் கடைக் கவுன்டருக்கு உள்பக்கம் நின்று பல வருடமாகச் சீட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன். மக்கள் தடுமாறுவது சுருக்கெழுத்து புரியாததால் மட்டும் இல்லை. எதை முதலில் பார்ப்பது என்று தெரியாததால்தான் பெரும்பாலான குழப்பம் வருகிறது.

வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை வேளை?" என்பதைத்தான். ஆனால் மருந்தின் வடிவம், பெயர், அளவு மூன்றையும் பார்த்த பிறகுதான் வேளைக்கு வர வேண்டும். மருந்தே மாறியிருந்தால், வேளை தவறாமல் சாப்பிடுவது ஆபத்தைக் கூட்டத்தான் செய்யும்.

வீட்டுக்குப் போய்ச் சீட்டை விரித்தால் சந்தேகம் கேட்கப் பக்கத்தில் ஆள் இருக்காது. அதனால் கடைசிப் படியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கடையிலேயே, மருந்தைப் பைக்குள் போடும் முன் முடித்துவிடுங்கள். பழகிவிட்டால் ஐந்து நிமிட வேலை.

1. கையில் என்னென்ன இருக்க வேண்டும்

சீட்டோடு, வீட்டில் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்து வாருங்கள். "பிபி மாத்திரை, வெள்ளையா சின்னதா இருக்கும்" என்று சொன்னால் எங்களால் கண்டுபிடிக்க முடியாது. வெள்ளையாகச் சின்னதாக இருக்கும் மாத்திரைகளால்தான் எங்கள் அலமாரி நிறைந்திருக்கிறது.

குழந்தைக்கு என்றால் இப்போதைய எடை தெரிந்திருக்க வேண்டும். குழந்தைகளுக்குப் பல மருந்துகளின் அளவை எடையை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். முன்பு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் தடிப்போ மூச்சுத் திணறலோ வந்திருந்தால், அதன் பெயரை ஒரு தாளில் எழுதிப் பர்ஸில் வைத்திருங்கள். கர்ப்பம், தாய்ப்பால், சிறுநீரகக் கோளாறு இவற்றை யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் ஒரு பேனா. அட்டையின் மேல் எழுதத் தேவைப்படும்.

2. சீட்டின் மேல்பகுதி

நோயாளியின் பெயர், வயது, தேதி, மருத்துவரின் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். கூட்டமான நாளில் அடுத்தவர் சீட்டு கைமாறி வருவது நடக்கிற விஷயம்தான்.

தேதிக்கு ஒரு காரணம் உண்டு. திரும்பத் திரும்பக் கொடுக்கலாம் என்று மருத்துவர் எழுதாத சீட்டுக்கு ஒரு தடவைதான் மருந்து கொடுக்க வேண்டும் என்பது விதி. போன வருடச் சீட்டை நீட்டும்போது கடைக்காரர் தயங்கினால் அதனால்தான்.

சி/ஓ என்றால் நோயாளி சொன்ன தொந்தரவு. எச்/ஓ என்றால் முன்பு இருந்தவை. கே/சி/ஓ என்றால் ஏற்கெனவே தெரிந்த நோய்: பக்கத்தில் டி.எம். என்று இருந்தால் சர்க்கரை, எச்.டி.என். என்று இருந்தால் ரத்த அழுத்தம். இவற்றை மருந்தின் பெயர் என்று நினைத்துக் கேட்பவர்கள் உண்டு. ஆர் எழுத்தின் காலில் குறுக்குக் கோடு போட்ட குறிக்குக் கீழேதான் மருந்துகள் தொடங்கும்.

3. வடிவம்: எந்த வழியாகப் போக வேண்டிய மருந்து

ஒவ்வொரு மருந்துப் பெயருக்கும் முன்னால் ஒரு சின்னச் சொல் இருக்கும். டேப் என்றால் மாத்திரை, கேப் என்றால் கேப்ஸ்யூல், சிர் அல்லது எஸ்.ஒய்.பி. என்றால் சிரப், இன்ஜ் என்றால் ஊசி, ஆயின்ட் என்றால் களிம்பு. எல்.ஏ. என்றால் மேலே தடவ. பி.ஓ. என்றால் வாய் வழியாக.

இந்தச் சொல்லைத் தாண்டிப் போவதால் வரும் தவறுகளில் நான் அதிகம் பார்த்தது ரோட்டாகேப். பார்க்க அச்சு அசலாகக் கேப்ஸ்யூல் மாதிரியே இருக்கும். ஆனால் அதை ஒரு கருவிக்குள் போட்டு, உள்ளே இருக்கும் பொடியை மூச்சில் இழுக்க வேண்டும். தண்ணீர் ஊற்றி விழுங்கிவிட்டு "இழுப்பு குறையவே இல்லை" என்று வருகிறவர்கள் உண்டு. விழுங்கினால் மருந்து நுரையீரலுக்குப் போகாது. கருவி இல்லாமல் ரோட்டாகேப் மட்டும் வாங்கினால், வீட்டில் கருவி இருக்கிறதா, பயன்படுத்தத் தெரியுமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

எஸ்/எல் என்றால் நாக்குக்கு அடியில். நெஞ்சு வலிக்குக் கொடுக்கும் ஐசோசார்பைடு டைநைட்ரேட் 5 மில்லிகிராம் மாத்திரையை அப்படித்தான் வைக்க வேண்டும். விழுங்கினால் வேலை செய்ய நேரம் பிடிக்கும். வைக்கும்போது உட்கார்ந்துகொள்ள வேண்டும், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றலாம்.

பி/வி என்றால் பெண்ணுறுப்புக்குள் வைப்பது, பி/ஆர் என்றால் ஆசனவாய்க்குள் வைப்பது. கவுன்டரில் இதைச் சத்தமாகச் சொல்லக் கடைக்காரருக்கும் கூச்சம், கேட்க வாங்குபவருக்கும் கூச்சம். கடைசியில் அந்த மாத்திரை வாய்க்குப் போகிறது. கூச்சமாக இருந்தால் அட்டையில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கண் மருந்தில் ஆர்.இ. வலது கண், எல்.இ. இடது கண், பி.இ. இரண்டு கண். கண் சீட்டில் ஓ.டி. என்று இருந்தால் அது வலது கண்ணையும் குறிக்கலாம். மற்ற சீட்டில் அதே ஓ.டி. தினம் ஒரு வேளை. எங்கே எழுதியிருக்கிறது என்று பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும்.

4. பெயரும் அளவும்

அதிக நேரம் எடுத்துக்கொள்ள வேண்டிய படி இதுதான்.

சீட்டில் பெரும்பாலும் கம்பெனி வைத்த பெயர் இருக்கும். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் உள்ளே என்ன மருந்து, எவ்வளவு என்று இருக்கும். அந்தப் பொடி எழுத்து வரிதான் மருந்தின் உண்மையான அடையாளம். கண்ணுக்கு எட்டாவிட்டால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மருந்தின் வேதிப் பெயரையே, தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று மருத்துவர்களுக்கான ஒழுங்குமுறை விதியில் 2016-ல் திருத்தம் வந்தது. ஆனாலும் கிறுக்கலான சீட்டு இன்றும் வருகிறது. அசித்ரோமைசின் என்பது கிருமிக்கான மருந்து. அசத்தியோப்ரின் என்பது உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து. அவசரக் கையெழுத்தில் இரண்டும் ஒன்று போலத் தெரியும். "இது எதற்கான மருந்து?" என்று கேட்டு, வரும் பதில் உங்கள் நோயோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். தவறான மருந்தைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

பெயருக்குப் பின்னால் வரும் எண் அளவு. 500 என்றால் 500 மில்லிகிராம். கூட்டு மருந்தில் இந்த எண் குழப்பும். அமாக்சிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையில் 625 என்று இருக்கும், அது 500-ம் 125-ம் சேர்ந்த கூட்டல். அதே கம்பெனியின் 375 மாத்திரையைக் கொடுத்துவிட்டு "அதே மாத்திரைதான்" என்று சொன்னால், அது சரியில்லை.

எண்ணுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்துகளை வால் என்று வைத்துக்கொள்வோம். இந்த வாலைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். டெல்மிசார்டன் 40-ஐ அடுத்து எச் என்று இருந்தால், கூடவே சிறுநீரைக் கூட்டும் ஹைட்ரோகுளோரோதயசைடு இருக்கிறது. ஏ.எம். என்று இருந்தால் அம்லோடிபின் இருக்கிறது. சர்க்கரை மாத்திரையில் எம்1, எம்2 என்று இருந்தால் கிளிமிப்பிரைடு 1 அல்லது 2 மில்லிகிராமோடு மெட்ஃபார்மின் சேர்ந்திருக்கிறது. வயிற்று மாத்திரையில் டி என்றால் டோம்பெரிடோன். ஒரே பெயர், வால் மட்டும் வேறு என்றால் அது வேறு மருந்து.

எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர்., சி.ஆர். என்ற வால்களுக்கு, மருந்து மெதுவாக வெளியேறும் என்று பொருள். பகல் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வர வேண்டியது, பொடித்தால் ஒரே நேரத்தில் மொத்தமாக இறங்கிவிடும். படுக்கையில் இருக்கும் பெரியவர்களுக்கு மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்க எல்லா மாத்திரைகளையும் உரலில் போட்டு இடிக்கிறார்கள். இடிக்கும் முன் அட்டைகளைக் கடைக்குக் கொண்டுவந்து, எதை இடிக்கலாம், எதற்குப் பதில் வேறு வடிவம் வேண்டும் என்று கேளுங்கள். (மெட்ஃபார்மின் எஸ்.ஆர். சாப்பிடுபவர்களின் மலத்தில் சில சமயம் மாத்திரைக் கூடு அப்படியே தெரியும். பயப்பட வேண்டாம், மருந்து கரைந்து போனபின் வெறும் கூடுதான் வெளியே வருகிறது.)

அடுத்தது அளவின் அலகு. தைராக்சின் மாத்திரையில் 25, 50, 100 என்று இருப்பது மில்லிகிராம் இல்லை, மைக்ரோகிராம். ஆயிரம் மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் ஒரு மில்லிகிராம். புள்ளியிலும் கவனம் வேண்டும். முன்னால் சைபர் இல்லாமல் .5 என்று எழுதினால் 5 என்று படிக்க வாய்ப்பு உண்டு. 1.0 என்பதை 10 என்று படித்துவிடலாம். சந்தேகம் வந்தால் "அரையா, ஐந்தா?" என்று வாயைத் திறந்து கேட்பதுதான் வழி.

இன்சுலின் எழுதும்போது எண்ணுக்குப் பக்கத்தில் யூ என்ற ஆங்கில எழுத்தை ஒட்டிப் போட்டால் அது சைபர் மாதிரி தெரியும். 10 யூனிட் 100 ஆகிவிடும். யூனிட் என்று முழுதாக எழுதித் தரச் சொல்லுங்கள். இன்சுலின் குப்பியின் மேல் மில்லிலிட்டருக்கு 40 என்று இருந்தால் 40-க்கான ஊசி வேண்டும், அதன் மூடி சிவப்பு. 100 என்று இருந்தால் 100-க்கான ஊசி, மூடி ஆரஞ்சு. 100 குப்பி மருந்தை 40 ஊசியில் எடுத்தால், கோடு சரியாக இருந்தாலும் இரண்டரை மடங்கு மருந்து உடம்புக்குள் போகும்.

குழந்தை மருந்தில் நான் எப்போதும் இரண்டு தடவை சொல்வது சொட்டு மருந்து பற்றித்தான். காய்ச்சலுக்கான பாராசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் வரும். சிரப்பில் 5 மில்லிலிட்டருக்கு 125 அல்லது 250 வரும். சின்னக் குழந்தைக்கான சொட்டு மருந்துதானே, வலு குறைவாக இருக்கும் என்று நினைத்துச் சிரப் அளவில் ஊற்றினால், அந்த 5 மில்லிலிட்டரில் 500 மில்லிகிராம் போய்விடும். பெட்டியில் உள்ள அளவு மூடியையோ சொட்டுக் குழாயையோ மட்டும் பயன்படுத்துங்கள். சமையலறைக் கரண்டி ஒவ்வொரு வீட்டிலும் ஒரு அளவு.

5. வேளை

ஓ.டி. தினம் ஒரு தடவை. பி.டி. இரண்டு, டி.டி.எஸ். அல்லது டி.ஐ.டி. மூன்று, கியூ.ஐ.டி. நான்கு. எச்.எஸ். படுக்கப் போகும்போது. ஸ்டாட் என்றால் உடனே, ஒரே ஒரு தடவை.

1-0-1 என்பது காலை, மதியம், இரவு என்ற வரிசை. நான்கு எண் இருந்தால் நடுவில் மாலையும் சேர்ந்திருக்கிறது. சில கடைகளில் கவரின் மேல் கா, ம, இ என்று எழுதித் தருவதும் இதே வரிசைதான்.

வாரம் ஒரு முறை மருந்துகள்தான் இந்தப் படியில் பெரிய பொறி. வைட்டமின் டி 60,000 யூனிட் கேப்ஸ்யூலைப் பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்று என்றுதான் எழுதுகிறார்கள். ஒரு அம்மா நான்கு கேப்ஸ்யூல் உள்ள அட்டையை நான்கே நாளில் முடித்துவிட்டு அடுத்த அட்டை கேட்டு வந்தார். நாங்கள் கொடுத்த கவரை வாங்கிப் பார்த்தேன். காலை என்ற கட்டத்தில் டிக் இருந்தது, வாரம் என்று சொல்ல அந்தக் கவரில் கட்டமே இல்லை. அவர் கவரைச் சரியாகத்தான் படித்திருக்கிறார். மருத்துவரிடம் அனுப்பிக் காட்டச் சொன்னோம். அன்றிலிருந்து வார மருந்தை நான் கவரில் எழுதுவதில்லை, அட்டையின் மேலேயே "ஞாயிறு மட்டும்" என்று எழுதுகிறேன்.

மூட்டு வாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் இன்னும் கடுமையானது. வாரம் ஒரு நாள் சாப்பிட வேண்டியதைத் தினம் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகும். எந்தக் கிழமை என்று முடிவு செய்து, வீட்டில் உள்ள எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். பி.ஆர்.என். என்பதும் அதேதான். இதைக் கண்டால் உடனே இரண்டு கேள்வி கேளுங்கள்: இரண்டு தடவைக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி, ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை? பாராசிட்டமாலை எடுத்துக்கொண்டால், பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் மொத்தம் 4 கிராமைத் தாண்டக் கூடாது. சிலருக்கு மருத்துவர் அதையும் குறைப்பார். காய்ச்சல் மாத்திரை, சளி மாத்திரை, உடம்பு வலி மாத்திரை என்று மூன்று தனித்தனிப் பெயரில் வாங்கினாலும் மூன்றுக்குள்ளும் பாராசிட்டமால் இருக்கலாம். பொடி எழுத்து வரியைப் படிக்கச் சொல்வது இதற்காகவும்தான்.

6. சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா

ஏ.சி. என்றால் சாப்பாட்டுக்கு முன். பி.சி. என்றால் பின். இவை லத்தீன் சுருக்கங்கள். ஆனால் நம்மூர்ச் சீட்டில் பி/எஃப், ஏ/எஃப் என்று ஆங்கிலச் சுருக்கமும் வரும். இதில் பி/எஃப் முன், ஏ/எஃப் பின். கவனித்தீர்களா? ஏ என்ற எழுத்து ஒன்றில் முன்னைக் குறிக்கிறது, இன்னொன்றில் பின்னைக் குறிக்கிறது. முதல் எழுத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், இரண்டாவது எழுத்தையும் பாருங்கள்.

முன் என்றால் எவ்வளவு முன் என்றும் கேட்க வேண்டும். தைராக்சினைக் காலையில் வெறும் வயிற்றில், காபிக்கும் முன்னால், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு போட வேண்டும். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளை அதோடு சேர்த்துப் போட்டால் தைராக்சின் சரியாக உடம்பில் சேராது, நான்கு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். சில சர்க்கரை மாத்திரைகளைச் சாப்பாட்டுக்கு முன் போட்டுவிட்டுச் சாப்பிட மறந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். வலி மாத்திரைகளைப் பெரும்பாலும் பின் என்று எழுதுவது வயிறு புண்ணாகாமல் இருக்க.

7. நாள் கணக்கும் எண்ணிக்கையும்

பெருக்கல் குறிக்குப் பின் 5 டி என்று இருந்தால் 5 நாள். சிலர் 5/7 என்று எழுதுவார்கள், அதுவும் 5 நாள்தான். கோட்டுக்குக் கீழே 52 இருந்தால் வாரம், 12 இருந்தால் மாதம். 2/52 என்றால் இரண்டு வாரம்.

வட்டத்துக்குள் இருக்கும் எண் பெரும்பாலும் மொத்த எண்ணிக்கை. அது ஒரு வேளைக்கான அளவு இல்லை. 1-0-1, 5 நாள் என்றால் 10 மாத்திரை. இந்தக் கணக்கை நீங்களும் போட்டு, கையில் உள்ளதை எண்ணிப் பாருங்கள். கணக்கு இடித்தால், வேளையிலோ நாளிலோ எங்கோ தவறாகப் படித்திருக்கிறோம் என்று பொருள். எங்கள் தவறு பல தடவை இந்த எண்ணிக்கையில்தான் பிடிபட்டிருக்கிறது.

ஸ்டீராய்டு மாத்திரையில் டேப்பர் என்று இருந்தால் படிப்படியாகக் குறைக்க வேண்டும். நீண்ட நாள் சாப்பிட்டதைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது.

8. அட்டையில் பார்க்க வேண்டியவை

அட்டையின் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு இருந்தால் அது மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. சிவப்புக் கட்டம் போட்டு எச்1 அட்டவணை (கூடுதல் கட்டுப்பாடு உள்ள மருந்துகளின் பட்டியல்) எச்சரிக்கை இருந்தால் இன்னும் கண்டிப்பு. 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள அந்த விதிப்படி, உங்கள் பெயர், மருத்துவர் பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாவற்றையும் கடை தனிப் பதிவேட்டில் எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும். பெயர் கேட்டால் கோபப்படாதீர்கள்.

காலாவதித் தேதியில் மாதமும் வருடமும் மட்டும் இருந்தால், அந்த மாதத்தின் கடைசி நாள் வரை பயன்படுத்தலாம். இந்தத் தேதியை அட்டையின் ஒரு ஓரத்தில் மட்டும் அழுத்தி வைத்திருப்பார்கள். பாதி அட்டை வெட்டி வாங்கினால் தேதி கடையிலேயே தங்கிவிடும். முழு அட்டையையும் ஒரு படம் எடுத்துவிட்டு வெட்டச் சொல்லுங்கள். வீட்டில் மாத்திரை உரிக்கும்போதும் தேதி இல்லாத முனையிலிருந்து தொடங்குங்கள்.

9. "அதே மருந்துதான், வேற கம்பெனி"

சீட்டில் எழுதிய பெயர் கடையில் இல்லாவிட்டால் இந்தப் பேச்சு வரும். மருத்துவர் சீட்டு தேவைப்படும் மருந்துகளில் கடைக்காரர் தானாக மாற்றிக் கொடுக்க விதியில் இடமில்லை. மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாற்றுங்கள். முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ விலை குறைவாக வாங்க நினைத்தாலும், மருத்துவரிடமே வேதிப் பெயரில் எழுதி வாங்கிக்கொண்டால் வேலை சுலபம். மாற்றி வாங்கும்போது பொடி எழுத்து வரியில் மருந்து, அளவு, எஸ்.ஆர். போன்ற வெளியேறும் விதம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

இதில் ஒளிந்திருக்கும் ஆபத்து வேறு. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும்போது புதுச் சீட்டில் வேறு கம்பெனிப் பெயரில் அதே பிபி மாத்திரை இருக்கும். பழைய அட்டையும் வீட்டில் இருக்கும். இரண்டும் வேறு வேறு என்று நினைத்து இரண்டையும் போட்டுத் தலைசுற்றி விழுந்தவர்களை எனக்குத் தெரியும். பழைய அட்டைகளைக் கொண்டுவரச் சொன்னேனே, அது இதற்குத்தான். கவுன்டர் மேல் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொடி எழுத்தை ஒப்பிடுங்கள். சீட்டில் சி.எஸ்.டி. என்று மட்டும் இருந்தால், பழைய மருந்துகளை அப்படியே தொடரச் சொல்லியிருக்கிறார் என்று பொருள்.

10. வீட்டுக்கு வந்த பிறகு

மாத்திரைகளை அட்டையிலிருந்து மொத்தமாக உரித்து டப்பாவில் கொட்டாதீர்கள். பெயரும் தேதியும் போய்விடும், ஈரமும் ஏறும். 2 முதல் 8 டிகிரி என்று எழுதியிருந்தால் ஃபிரிட்ஜின் நடுத் தட்டில் வையுங்கள், ஐஸ் பெட்டியில் வைக்காதீர்கள். இன்சுலின் உறைந்துபோனால் பிறகு உருகினாலும் பயன்படாது. பொடியாக வரும் குழந்தை மருந்தில், கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரைக் குறியிட்ட கோடு வரை ஊற்றிக் கலக்குங்கள். கலந்த தேதியைப் பாட்டிலில் எழுதுங்கள், எத்தனை நாளைக்குள் முடிக்க வேண்டும் என்று அதிலேயே இருக்கும். கண் சொட்டு மருந்தைத் திறந்த ஒரு மாதத்துக்குப் பிறகு, மிச்சம் இருந்தாலும் தூக்கிப் போடுங்கள்.

மூன்றாம் நாள் இரவு, மிச்சம் இருக்கும் மாத்திரைகளை எண்ணுங்கள். ஏழாவது படியில் போட்ட கணக்கோடு ஒத்துப்போகவில்லை என்றால் விட்டுப்போனதை ஈடுகட்ட இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள், கடைக்கோ மருத்துவருக்கோ போன் செய்யுங்கள். தமிழ்நாட்டில் 104-ஐ அழைத்தும் ஆலோசனை கேட்கலாம். அளவு தவறிப் போய் மயக்கம், மூச்சுத் திணறல், முகம் வீங்குதல் ஏதாவது வந்தால் 108. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது சீட்டோடு அட்டையையும் கட்டாயம் எடுத்துப் போங்கள். என்ன சாப்பிட்டார், எவ்வளவு சாப்பிட்டார் என்று அங்கே முதலில் கேட்பார்கள்.